ஒரு பிடி உப்பும் ஒரு ராத்தாவின் விதையும்

மிளகாய் விதையைப் பற்றி ஒரு மௌலவி எழுத வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் அது வியப்புத்தான். ஆனால் இதை எழுதாமல் இருப்பது சரியல்ல என்று மனம் சொல்கிறது. ஏனெனில், இது முதலில் நான் செய்த ஒரு பிழையின் கதை. விதையைப் பற்றிய செய்தி அதற்குப் பிறகு வருவது.

மன்னார் தீவில் கடலேரி ஓரத்தில் எங்கள் ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. கற்பிட்டியில் ஒரு கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தோம். வாப்பாவுக்கு நிலையான தொழில் கிடைக்காத அந்த ஆண்டுகளில், உம்மா கொட்டிலுக்குப் பின்னால் நாலைந்து பாத்தி போட்டுக் கத்தரியும் மிளகாயும் கீரையும் வளர்த்தார். அங்கே மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் கண்டது. அரபுக் கல்லூரியில் நான் ஓதிய காலத்தில் விடுமுறைக்கு வந்தால் என் கையில் முதலில் கிடைப்பது வாளிதான். ஆனாலும் தோட்டம் பற்றி நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றச் சொன்னால் ஊற்றுவேன், அவ்வளவுதான்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து நாங்களும் ஊருக்குத் திரும்பினோம். பழைய வளவில் கிணறு தூர்ந்து கிடந்தது. ஆளிட்டுத் தூர் எடுத்தோம். முதல் வாளித் தண்ணீரை உம்மா கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "இனிப்பாத்தான் இரிக்குது மகன்" என்று சொன்ன முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் ஊரில் வீடுகள் கூடின. வீட்டுக்கு வீடு மோட்டர் வந்தது. சில ஆண்டுகளில் கடலேரியை அண்டிய கிணறுகள் ஒவ்வொன்றாகச் சவர் தட்டத் தொடங்கின. மாரியில் குடிக்கலாம். ஆடி, ஆவணியில் வாயில் வைக்க முடியாது.

என் வாயில் வந்த வார்த்தை

எங்கள் மஹல்லாவில் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பெண்களுக்கு வகுப்பு நடத்துகிறேன். வருபவர்களில் பாதிப் பேர் குடும்பச் சுமையைத் தாமே சுமப்பவர்கள். வீட்டுத் தோட்டத்தில் விளைவதைச் சந்தைக்குக் கொடுத்து அரிசி வாங்குகிறவர்கள். ஒரு புரட்டாதி மாதம் வகுப்பு முடிந்ததும் ஒரு ராத்தா கேட்டார்.

"மௌலவி, நாத்துமேடையில விதை போட்டா முளைக்குதில்ல. கிணறு உப்பாப் போயிட்டுது. என்ன செய்யிற?"

அவர் கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகள். மாரி மழை தொடங்கும்போது நடுவதற்கு மிளகாய் நாற்று அவரிடம் தயாராக இருந்தாக வேண்டும். அப்போதுதான் மாசி, பங்குனியில் காய் பறிக்கலாம்.

"எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்திய வாரந்தான் ஒரு துண்டுச் செய்தியை அரைகுறையாகப் படித்திருந்தேன். விதையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் பயிர் உப்பைத் தாங்கும் என்று அதில் இருந்தது. எவ்வளவு உப்பு, எத்தனை மணி நேரம், அதன் பிறகு என்ன செய்வது என்பதெல்லாம் என் நினைவில் இல்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "ஒரு செம்புத் தண்ணியில ஒரு பிடி உப்புப் போட்டு விதையை ஊறப் போடுங்க ராத்தா. விதைக்கு உப்புப் பழகிடும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அப்படியே செய்தார். சீட்டுக் காசில் வாங்கிய நல்ல இன விதை. இரண்டு இரவு உப்பு நீரில் கிடந்தது. கழுவாமலே பாத்தியில் தூவினார். அதே சவர்க் கிணற்று நீரை ஊற்றினார். பதினைந்து நாள் கழித்து அந்தப் பாத்தியைப் போய்ப் பார்த்தேன். ஆங்காங்கே நாலைந்து முளை. மற்றதெல்லாம் வெறும் மணல்.

அவர் என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்: "மௌலவி சொன்னாச் சரியாத்தான் இரிக்கும் எண்டு முழுப் பைக்கற்றையும் போட்டுட்டன்."

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இமாம் மாலிக் அவர்கள் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்கியதில்லை என்பதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்பவன் நான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் பயிர்ச்செய்கை பற்றி அரபியில் பெரிய நூலே எழுதினார் என்று பெருமையாகக் கூறுபவனும் நான்தான். ஆனால் ஒரு விதையைச் சரியாக ஊறவைக்க எனக்குத் தெரியவில்லை. அந்த அறியாமையோடு, ஓர் ஏழைப் பெண்ணின் ஒரு போக விதைக்கு வழி சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் விதைக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "காசு வேணாம். சரியான முறையக் கேட்டுத் தாங்க. மத்தவங்களும் நீங்க சொன்னமாதிரித்தான் செய்யப் போறாங்க" என்றார். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் முதலில் என் பிழையைச் சொன்னேன். பிறகு கமநல சேவை நிலையத்துக்குப் போய் அங்கிருந்த விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்தேன். வயதில் இளையவர். பொறுமையாக விளக்கினார். அவரிடமும் பின்னர் வாசித்தும் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கிணறு ஏன் சவராகிறது?

எங்களைப் போன்ற மணல் தீவிலே நிலத்தடி நன்னீர், அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் பாரம் குறைவு, உப்பு நீரின் பாரம் அதிகம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடியை இறைத்து எடுத்துவிட்டால் கீழிருந்து உப்பு நீர் நாற்பது அடி மேலேறப் பார்க்கும். உம்மாவின் காலத்தில் வாளியால் அள்ளினார்கள். கிணறு ஊறி நிரம்ப அவகாசம் இருந்தது. மோட்டர் ஒரே மூச்சில் உறிஞ்சும்போது உப்பு மேலே வந்துவிடுகிறது.

விதைக்கு என்ன நடக்கிறது?

இதை விளங்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. கெக்கரிக்காயை வெட்டி உப்புத் தூவி வையுங்கள். சற்று நேரத்தில் அதிலிருந்து தண்ணீர் வடியும். கருவாடு போடும்போது மீனில் நடப்பதும் அதுவே. உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். மண்ணிலே உப்பு இருந்தால் விதை தண்ணீரை இழுக்க, உப்பு அதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறது. தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டே விதை தாகத்தால் வாடுகிறது. இது முதலாவது துன்பம். தண்ணீரோடு சேர்ந்து உப்பும் உள்ளே போய் நஞ்சாகிறது. இது இரண்டாவது. எல்லாவற்றிலும் இளமையான முளைதான் இதனால் அதிகம் பாதிக்கப்படுகிறது.

எல்லாப் பயிரும் ஒரே அளவு உப்பைத் தாங்காது. 1977இல் மாஸ், ஹொப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். மண்ணின் ஈரம் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை அளந்து உப்பைக் கணக்கிடுவது அந்த முறை. போஞ்சி 1 என்ற அளவைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். வெங்காயம் 1.2, மிளகாய் 1.5. தக்காளி 2.5 வரை தாங்கும். பீற்றூட் 4, கௌபி ஏறத்தாழ 5. கடல்நீர் இதே அளவில் ஏறத்தாழ 50. போதனாசிரியர் பேனாவைப் போன்ற ஒரு சிறிய கருவியை அந்த ராத்தாவின் கிணற்று நீரில் தோய்த்துப் பார்த்தார். அது மூன்றுக்கு மேல் காட்டியது. நான் சொன்ன "ஒரு பிடி உப்பு" ஒரு செம்பு நீரைக் கிட்டத்தட்டக் கடல்நீராகவே ஆக்கியிருக்கும் என்றார். எனக்குத் தலை குனிந்தது.

ஊறவைத்து உலர்த்தும் முறை

நோன்புக் கஞ்சிக்குக் கடலை ஊறவைக்கும் சகோதரிகளுக்குத் தெரியும். முதல் சில மணி நேரத்தில் கடலை விரைவாகத் தண்ணீர் குடித்துப் பருக்கும். பிறகு நீண்ட நேரம் வெளியே எதுவும் தெரியாது. அதன் பின்னர் முளை எட்டிப் பார்க்கும். விதைக்கும் இந்த மூன்று கட்டங்கள் உண்டு. நடுக் கட்டத்தில் வெளியே ஒன்றும் நடக்காததுபோல் தோன்றினாலும் உள்ளே பெரிய வேலை நடக்கிறது. வைத்திருந்ததில் ஏற்பட்ட சிதைவுகளை விதை சரிசெய்கிறது. சேமித்த மாப்பொருளைக் கரைக்க ஆயத்தமாகிறது. அந்த நேரத்தில், முளை வெளிவருவதற்கு முன், விதையை எடுத்து உலர்த்திவிட்டால் செய்த ஆயத்தம் வீணாகாது. பிறகு மண்ணில் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி விரைவாக முளைக்கும். முளை வெளிவந்த பின் உலர்த்தினாலோ அது செத்துவிடும்.

விரைவாக முளைப்பதில் சவர் நிலத்துக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது. வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு மண்ணின் மேற்பரப்பில்தான் சேர்கிறது. முளைக்கத் தாமதிக்கும் விதை அந்த உப்பிலேயே கிடந்து அழிகிறது. விரைவாக வேர் விடும் விதை அதற்குக் கீழே இறங்கித் தப்பிக்கொள்கிறது.

இது புதிய செய்தியும் அல்ல. கெக்கரி விதையைப் பாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்தால் விரைவில் முளைக்கும் என்று 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் எழுதி வைத்தார். 1990களில் வேல்ஸின் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவ் ஹரிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தியா, சிம்பாப்வே முதலிய நாடுகளின் வறண்ட பகுதி விவசாயிகளோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். இரவு ஊறவைத்து, மேலீரம் உலர்த்தி, காலையில் விதைக்கும் முறை. செலவில்லாத முறை என்பதால் ஏழை விவசாயிகளுக்கு அது பொருந்தியது. ஆய்வுகூடங்களில் பொட்டாசியம் நைத்திரேற்று, கல்சியம் குளோரைட்டு முதலியவற்றில் ஊறவைப்பதும் உண்டு. நமது குசினிக்கு அவை வேண்டாம்.

போதனாசிரியரின் சொற்படி மதரஸாவின் பின்வளவில் மாணவர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தோம். நான்கு தயிர்ச் சட்டிகள். அடியில் துளையிட்டு ஒரே மண்ணை நிரப்பினோம். ஒவ்வொன்றிலும் இருபது மிளகாய் விதை. முதலாவதில் ஊறவைக்காத விதை. இரண்டாவதில் நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறி உலர்ந்த விதை. மூன்றாவதில், ஒரு லீற்றர் நீருக்கு மூன்று கிராம் உப்பு மட்டும் கரைத்து ஊறவைத்து, நன்றாகக் கழுவி உலர்த்தியது. நான்காவதில் என்னுடைய "ஒரு பிடி" முறை. நான்குக்கும் ஒரே சவர்க் கிணற்று நீர். இரண்டாவது சட்டியும் மூன்றாவது சட்டியும் முதற் சட்டியை முந்திக்கொண்டு முளைத்தன, முளையின் தொகையும் கூட. அந்த இரண்டுக்கும் இடையே எங்கள் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான்காவதைப் பார்த்துச் சின்ன மாணவன் ஒருவன், "ஹஸரத், இது யாருட முறை?" என்று கேட்டான். "என்னுடையது" என்று சொன்னேன்.

சகோதரிகள் செய்ய வேண்டியது

ஊறவைக்க நல்ல தண்ணீரே போதும். மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. மிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டி விதைகளை ஓர் இரவு, அதாவது பன்னிரண்டு மணி நேரம் அளவில் ஊறவிடுங்கள். பயிற்றை, கௌபி போன்ற பயற்றினங்களுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் போதும். கூடினால் தோல் வெடித்து அழுகிவிடும். பாகல், புடோல் போன்ற தடித்த தோல் விதைக்கு ஒரு நாள் வரை கொடுக்கலாம். தண்ணீர் விதையை மூடி நின்றால் போதும். ஆழமான பாத்திரம் வேண்டாம். விதைக்கும் காற்று வேண்டும்.

உப்பிலே ஊறவைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக அரைத் தேக்கரண்டி தூள் உப்புக்கு மேல் போட வேண்டாம். ஊறியதும் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். பிறகு துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கையில் உதிர வேண்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது. அன்றே விதைப்பது நல்லது. ஊறி உலர்ந்த விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்க முடியாது, அதன் ஆயுள் குறைந்துவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடையில் வாங்கும் சில விதைகள் சிவப்பு, பச்சை என்று நிறம் பூசியிருக்கும். அது பூஞ்சண மருந்து. அவற்றை ஊறவைக்க வேண்டாம். மருந்து கரைந்து போய்விடும். அந்தத் தண்ணீர் பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும் நஞ்சு.

எந்த விதையானாலும் முதலில் இருபது விதையில் மட்டும் சோதித்துப் பாருங்கள். முழுப் பைக்கற்றையும் யார் சொல்லையும் நம்பிப் போடாதீர்கள், இந்த மௌலவியின் சொல்லையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதனால் முடியாதது

ஊறவைத்த விதை உப்பை வென்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். அது முளைக்கும் காலத்தையும் கன்றின் முதல் சில வாரங்களையும் கடக்க உதவும். வளர்ந்த பின் மிளகாய் மிளகாய்தான், அதன் தாங்கும் அளவு ஓரளவுக்கு மேல் மாறாது. ஆகையால் வேறு சில வேலைகளும் செய்ய வேண்டும். சித்திரை மழையில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் சேர்த்து வைத்தால், புரட்டாதியில் நாற்றுமேடைக்கு அது போதும். நாற்றுக்குத் தேவை சில வாளிகள்தானே. சவர் நீரை இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள், இலையில் பட்டால் கருகும். வரம்பு கட்டி நடுவதானால் வரம்பின் உச்சியில் நடாமல் சரிவில் நடுங்கள். உப்பு உச்சியில்தான் சேரும். காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு மண்ணை மூடிவைத்தால் ஆவியாவதும் உப்பு மேலே வருவதும் குறையும். தும்புத் தூள் போடுகிறவர்கள் முதலில் நல்ல நீரில் அலசிக்கொள்ள வேண்டும். உவர் நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும். கோடையில் போஞ்சிக்கும் மிளகாய்க்கும் பதிலாகப் பயிற்றையும் பீற்றூட்டும் போட்டுப் பார்க்கலாம். மோட்டரை ஒரேயடியாக ஓடவிடாமல் சிறிது சிறிதாக இறையுங்கள். இது உங்களுக்கு மட்டுமல்ல, அயல்வீட்டுக் கிணற்றுக்கும் செய்யும் உபகாரம்.

பிறகு நடந்தது

அந்த ஆண்டு ராத்தாவுக்குப் போகம் பிந்தியது. அதை என்னால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. ஐப்பசியில் மழை விழுந்த பிறகு புதிய விதையை, மாணவர்களின் சட்டியில் பார்த்த முறைப்படி நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் போட்டார். பிந்திய நாற்றுக்குப் பிந்திய காய். விலை நன்றாக இருந்த முதற் பறிப்பு அவருக்குத் தவறிவிட்டது. மூத்த பிள்ளையின் வகுப்புக் காசை அந்த மூன்று மாதமும் அவர் எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. என் மனைவி மட்டும் அடிக்கடி போய் வந்தாள்.

அடுத்த ஆண்டு புரட்டாதியில் அவரே முந்திக்கொண்டார். சித்திரை மழைத் தண்ணீர் நீல நிறத் தாங்கியில் இருந்தது. இருபது விதையில் முதலில் பார்த்தார். பிறகு மிச்சத்தைப் போட்டார். மேடையில் ஓரிரு இடத்தில்தான் வெறுமை இருந்தது. கார்த்திகையில் நாற்றுக்களைப் பிடுங்கி நட்டபோது மிஞ்சியதை அயல்வீடுகளுக்கும் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு கட்டு வந்தது. உம்மா அதை வாங்கி, வேரைப் பார்த்துவிட்டு, "நல்ல கண்டு" என்றார். உம்மாவின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் எளிதில் வராது.

இப்போது சனிக்கிழமை வகுப்பில் விதை, பசளை, கிணறு பற்றியெல்லாம் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போதனாசிரியரிடம் போகிறேன். அண்மையில் பூசணிப் பூ ஏன் கொட்டுகிறது என்று ஒருவர் கேட்டபோது, "எனக்குத் தெரியாது, கேட்டு வாறேன்" என்றேன். பின் வரிசையில் இருந்த அந்த ராத்தா சிரித்தார்.

"அப்பிடிச் சொல்லுங்க மௌலவி. அதுதான் எங்களுக்கு நல்லம்."

அல்ஹம்துலில்லாஹ். அந்தச் சிரிப்பில் கோபம் இருக்கவில்லை. ஆனால் அன்று மண்ணுக்குள் போன அந்த ஒரு பைக்கற் விதையை நான் மறக்கவில்லை. கொப்பியின் முதற் பக்கத்தில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.